போத்தலில் எத்தனை கச்சான்?

நாவலந்தாழ்வு மக்கள் ஒன்றியம் – கனடா, ஊரில் யுத்தம் முடிந்த செய்தியை முறைப்படி ஏற்றுக்கொள்ள பன்னிரண்டு நாட்கள் எடுத்துக்கொண்டது. அதற்குக் காரணம் இருந்தது. யாப்பு என்று நாங்கள் சொல்லும் சங்க விதிகளின்படி அவசரக் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவித்தல் வேண்டும். மிச்ச ஐந்து நாளும் இது அவசரமா இல்லையா என்று நிர்வாகக் குழு விவாதித்தது.

நான் ஒன்றியத்தின் உபசெயலாளர் ராகுலன். கூட்டக் குறிப்பு எழுதுவதும், தேநீருக்குப் பால் வாங்கி வருவதும் என் பொறுப்புகள். இரண்டாவதில் இதுவரை யாரும் என்னிடம் திருத்தம் கேட்டதில்லை.

2009 மே கடைசி ஞாயிறு, டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தள மண்டபத்தில் கூடினோம். முதல் விடயம் அஞ்சலி. ஒரு நிமிடமா இரண்டு நிமிடமா என்பதில் நாற்பது நிமிடம் போயிற்று. முடிவில் ஒன்றரை நிமிடம் என்று தீர்மானம் நிறைவேறியது. அந்த ஒன்றரை நிமிடத்தில் மட்டும்தான் மண்டபத்தில் எல்லோரும் ஒரே ஊர்க்காரர்களாக நின்றோம். பின்வரிசையில் யாரோ விம்மியது கேட்டது. செயலாளர் மணிக்கூட்டைப் பார்த்து "போதும், இருக்கலாம்" என்றார்.

இரண்டாவது விடயம் பட்டியல். வவுனியா முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் கம்பிக்குள் இருந்தது. யார் உயிரோடு, யார் இல்லை என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு நிவாரண அமைப்பு, ஊர்ச் சங்கங்கள் தங்கள் பெயர் அச்சிட்ட தலைப்புக் கடிதத்தில் முத்திரையோடு பெயர்ப் பட்டியல் அனுப்பினால் முகாம் முகாமாகத் தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தது. தனி ஆட்களின் கடிதங்களை அவர்கள் எடுக்கமாட்டார்கள். கடைசித் திகதி ஜூன் முப்பது.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழும்பினாள். வயது முப்பத்தெட்டு இருக்கும். பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடைக்கும் வேலை. கனடாவுக்கு வந்து மூன்று வருடம்.

"என்ர பேர் ரதி. தம்பி யோகன், அவன்ர மனிசி, ரெண்டு பிள்ளையள். மார்ச்சுக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை. அந்தப் பட்டியலில பேர் எங்க எழுதிறது?"

கேள்வி சின்னது. பேனை ஒன்றைக் கொடுத்தால் முடிந்தது. ஆனால் எங்கள் தலைவர் ஜெயரட்ணம் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த கதிரைகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வழக்கமாக நாற்பது பேர் வரும் கூட்டத்துக்கு அன்று நூற்றுப்பத்துப் பேர் வந்திருந்தார்கள். கூடுதலாக வந்த எழுபது பேரும் குளத்துக்கு அங்காலைப் பக்கத்து ஆட்கள்.

குளத்துக்கு அங்காலை என்றால் என்னவென்று விளக்குகிறேன். அது திசை அல்ல. எங்கள் ஊரின் நடுவில் ஒரு குளம். அதற்கு இங்காலை கோயில், பள்ளிக்கூடம், கல்வீடுகள், நாங்கள். அங்காலை அவர்கள். சாதி என்ற சொல்லை ஒன்றியத்தின் இருபத்தொரு வருடக் குறிப்பேட்டில் ஒரு தடவைகூட நான் கண்டதில்லை. நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதே கிடையாது. குளத்தைப் பற்றித்தான் பேசுவோம்.

செப்டெம்பரில் நிர்வாகத் தேர்தல். தலைவர் ஜெயரட்ணம் வீடு விற்கும் முகவர். ஸ்காபரோவின் பஸ் தரிப்பிட விளம்பரங்கள் எல்லாவற்றிலும் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பவர். எண்ணத் தெரிந்த மனிதர். நாற்பதைவிட எழுபது பெரிது என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"பிள்ளை, இரும். எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு" என்றார். "ஆற்ற பேரை ஆர் முன்மொழியிறது எண்டதை யாப்புப்படி தீர்மானிக்கவேணும். வாக்குரிமை உள்ள உறுப்பினர்தான் முன்மொழியலாம். ஆருக்கு வாக்குரிமை எண்டதை ஒரு உபகுழு ஆராயும்."

உபகுழுவில் மூன்று பேர். தலைவர், செயலாளர் சிவபாதம், நான். சிவபாதம் அண்ணை கொழும்பில் ஒரு வருடம் சட்டம் படித்தவர். அந்த ஒரு வருடத்தை அவர் முப்பது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு கிழமையில் சிவபாதம் அண்ணை ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தோடு வந்தார். நூலகத்திலிருந்து எடுத்தது. அமெரிக்கச் சட்டத்தில் குடியுரிமையும் வாக்குரிமையும் வளர்ந்த வரலாறு. அன்று அவர் ஆற்றிய உரையைச் சொல்லுக்குச் சொல் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

"தலைவர் அவர்களே, உலக ஜனநாயகத்தின்ர தாய்வீடு அமெரிக்கா. அவையளுக்கும் ஒரு உள்நாட்டு யுத்தம் நடந்தது. முடிஞ்ச கையோட அவையளுக்கும் இதே பிரச்சினைதான் வந்தது. திடீரெண்டு கனபேருக்கு வாக்கு! மேசையில முந்தி இருந்தவை என்ன செய்யிறது? தென் மாநிலக்காரர் எவ்வளவு கெட்டித்தனமா, ஒருத்தர்ர மனமும் நோகாமல், சட்டத்துக்குள்ள நிண்டு இதைக் கையாண்டிருக்கினம் எண்டு பாருங்கோ. நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை! எழுதத் தெரியுமோ எண்டு கேட்டவை. பாட்டன் வாக்குப் போட்டவரோ எண்டு கேட்டவை. அவ்வளவுதான். எழுபது எண்பது வருஷம் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடின முறை."

"பிறகு?" என்று நான் கேட்டேன்.

"பிறகு என்ன?"

"எண்பது வருஷத்துக்குப் பிறகு?"

"ராகுலன், நீர் குறிப்பை எழுதும்" என்றார்.

எழுதினேன். புதிய விதிகள் இப்படித்தான் பிறந்தன. வாக்குரிமை வேண்டுபவர் யாப்பின் ஒரு பகுதியை வாசித்து, செயலாளர் திருப்திப்படும்வரை பொருள் சொல்ல வேண்டும். கோடைகால ஒன்றுகூடலில் தொடர்ந்து ஏழு வருடம் கலந்துகொண்டதற்குப் புகைப்பட ஆதாரம் காட்ட வேண்டும். 1968க்கு முந்திய பிள்ளையார் கோயில் திருவிழாச் செலவை ஏற்ற உபயகாரர் பட்டியலில் பாட்டனின் பெயர் இருந்தால் மேற்சொன்ன எதுவும் தேவையில்லை.

இந்த 1968 என்ற ஆண்டை யாரும் காரணமில்லாமல் தேர்ந்தெடுக்கவில்லை. குளத்துக்கு அங்காலை ஆட்கள் அந்தக் கோயில் வாசலுக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது அந்த வருடம்தான். அதுவும் பொலிஸ் காவலோடு. பட்டியலின் முதற் பெயர் தலைவரின் தகப்பனார் அருணாசலம், தேர்த் திருவிழா. கடைசிக்குச் சற்று மேலே என் பாட்டனார். தீவெட்டிக்கு எண்ணெய் கொடுத்தவர். அந்த ஒரு போத்தல் எண்ணெயில்தான் என் வாக்குரிமை எரிந்துகொண்டிருக்கிறது.

திருமணமான பெண்ணுக்குக் கணவனின் பாட்டனே பாட்டன் என்ற விதியைத் தலைவர் தானாகவே கொண்டுவந்தார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதே கணக்கு, தேடப்படுபவர்களுக்கும் பொருந்தும் என்று சிவபாதம் அண்ணை சேர்த்துக்கொண்டார். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சொல்லவில்லை.

கடைசியாகப் பொது அறிவு. அந்தப் புத்தகத்தில், ஒரு கண்ணாடிப் போத்தலில் எத்தனை ஜெலி பீன்ஸ் மிட்டாய்கள் இருக்கின்றன என்று கேட்டு, சரியாகச் சொல்லாதவருக்கு வாக்கில்லை என்று திருப்பி அனுப்பிய கதை இருந்தது. தலைவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் சிவபாதம் அண்ணை பண்பாட்டில் விட்டுக்கொடுக்காதவர்.

"ஜெலி பீன்ஸ் எங்கட கலாசாரம் இல்லை. கச்சான் வைப்பம்." ஊரில் நிலக்கடலையைக் கச்சான் என்போம்.

விதிகள் ஏகமனதாக நிறைவேறின. கை தூக்கிய மூவரில் நானும் ஒருவன். ஒரு கையில் பேனை இருந்ததால் மற்றக் கையைத் தூக்கினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் தூக்கினேன்.

தேர்வு ஸ்காபரோவின் ஓரத்தில் ரூஜ் என்ற பகுதியில், தலைவரின் புது வீட்டு நிலக்கீழ் அறையில் நடந்தது. பஸ் ஓடாத தெரு. காரில்லாதவர்கள் கடைசித் தரிப்பிடத்திலிருந்து அரை மணித்தியாலம் நடந்து வந்தார்கள். அதையும் ஒரு தேர்வாகவே சிவபாதம் அண்ணை கருதினார். என் வேலை, கச்சான் போத்தலைப் பாதுகாப்பது. காலையில் சாப்பிடாமல் வந்திருந்தேன். பாதுகாத்தபடியே இடைக்கிடை இரண்டு மூன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

ரதி ஏழாவது ஆள். வேலைச் சப்பாத்தோடு வந்திருந்தாள்.

சிவபாதம் அண்ணை யாப்பின் உறுப்புரை பத்தொன்பதைக் கொடுத்தார். 'மேற்படி உபபிரிவுகளுக்குப் பாதகமின்றியும் அவற்றுக்கு அமைவாகவும் அமைவின்றியும்' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் முற்றுப்புள்ளி இல்லாமல் ஓடும் வசனம் அது. ரதி ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்தாள். ஊரில் ஏஎல் என்ற உயர்தர வகுப்பு வரை படித்தவள்.

"பொருள்?"

"சங்கத்தில பிழை இருந்தால் அதைச் சங்கத்திட்டயே முறையிட்டு, சங்கமே தீர்க்கவேணும் எண்டு போட்டிருக்கு."

"பிழை. அந்த உறுப்புரைக்குப் பொருள் கிடையாது. எழுதின எனக்குத் தெரியாதே?"

அடுத்தது ஒன்றுகூடல் புகைப்படம். ரதியிடம் ஒன்றுதான் இருந்தது. போன வருடத்தது. நடுவில் நிர்வாகக் குழு நின்றது. ஓரத்தில் ஒரு கை மட்டும் நீண்டு யாரோ ஒருவருடைய தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

"இதில நீர் எங்க?"

"அந்தக் கை நான்தான் ஐயா. விடியத் தொடங்கி பின்னேரம் வரை நான்தானே சோறு போட்டனான்." சட்டைக் கையை மடித்துக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே ஒரு சூட்டுத் தழும்பு. படத்திலும் அதே தழும்பு.

சிவபாதம் அண்ணை படத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். நேர்மையான மனிதர், ஒத்துக்கொண்டார். "கை உம்மடதுதான். ஆனால் கைக்கு மட்டும் வாக்குரிமை குடுக்க யாப்பில இடமில்லை."

எங்கள் ஒன்றியத்தில் வாக்களிப்பது கையைத் தூக்கித்தான். இதை நான் குறிப்பில் எழுதவில்லை.

"பாட்டன்ர பேர்?"

"கந்தன்."

"பட்டியலில இல்லை."

"எப்பிடி ஐயா இருக்கும்? அவரைக் கோயிலுக்குள்ள விட்டாத்தானே. கோயில் கிணறு வெட்டினது அவர்தான்."

"கிணறு வெட்டினவைக்குத் தனிப் பட்டியல் இல்லை. உள்ள விடாதது உம்மட பாட்டனார்ர தனிப்பட்ட பிரச்சினை. அதைச் சங்கத்துக்குள்ள கொண்டு வரவேண்டாம்."

பிறகு போத்தலை நான் நீட்டினேன். ரதி அதை வாங்கி, உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்தாள். நாள் முழுக்கப் பொருட்களை எண்ணிப் பெட்டியில் அடைப்பவள். "நானூற்றிப் பன்ரெண்டு" என்றாள்.

சிவபாதம் அண்ணை தன் சட்டைப் பையிலிருந்த துண்டைப் பார்த்தார். "நானூற்றி முப்பது. பிழை."

காலையிலிருந்து நான் தின்றது பதினெட்டாக இருக்கலாம். இருக்காமலும் விடலாம். வாயில் ஒன்று கிடந்தபடியால் நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

ரதி எழும்பவில்லை. "ஐயா, எனக்கு வாக்கு வேண்டாம். தலைவரா ஆரும் இருந்திட்டுப் போகட்டும். நான் செப்டெம்பரில இந்தப் பக்கமே வரமாட்டன். தம்பியின்ர பேரை மட்டும் எழுதுங்கோ. பத்து நாள்தான் கிடக்கு. முகாமிலயிருந்து ஒராள் ஃபோன் எடுத்தவர். யோகன்ர குடும்பத்தையும் சந்திராக்கா குடும்பத்தையும் ஏப்ரலில ஒரு பங்கருக்குள்ள கண்டதாம்."

அதுவரை பேசாமல் இருந்த தலைவர் கேட்டார்: "எந்தச் சந்திரா?"

"எங்கட ஒழுங்கையில இருந்த சந்திரவதனா டீச்சர்."

தலைவர் மேலே தொலைபேசி அடிக்கிறது என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். தொலைபேசி அடிக்கவில்லை.

சந்திரவதனா தலைவரின் கூடப்பிறந்த தங்கை. இருபத்தாறு வருடத்துக்கு முன் குளத்துக்கு அங்காலைப் பக்கத்து ஆசிரியர் ஒருவரைக் கலியாணம் செய்துகொண்டு போனாள். அருணாசலத்தார் அன்றே தனக்கு மகள் இல்லை என்று ஊரறியச் சொன்னார். தகப்பன் செத்ததற்கும் அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. கனடாவில் ஜெயரட்ணம் அண்ணையிடம் யாராவது கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், தான் தனி என்பார். கணவனின் பாட்டனே பாட்டன் என்ற விதி எதற்கு வந்தது என்று இப்போது விளங்கியிருக்கும்: அவளை அருணாசலத்தார் பரம்பரையோடு இனி ஒருவரும் சேர்த்துப் பேசக் கூடாது.

அன்று தேர்வுக்கு வந்தவர்கள் இருபத்துமூன்று பேர். சித்தியடைந்தவர் ஒருவருமில்லை. எல்லோருக்கும் தேநீர் கொடுத்தோம்.

ரதியை நான் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். நல்ல மனம் என்று நினைக்க வேண்டாம். கச்சான் தொண்டையில் நின்றது. வழியில் அவள் கேட்டாள்: "அண்ணை, உந்தக் கேள்வியளெல்லாம் எங்க பிடிச்சவை?" நான் புத்தகத்தின் பெயரைச் சொன்னேன். "லைப்ரரி திறந்திருக்குமே?" என்றாள்.

நூலகத்தில் ராஜி என்ற சென்னைப் பெண் வேலை செய்தாள். பெயரைக் கேட்டதும் சிரித்தாள்.

"அந்த புக்கா? ஒருத்தர் எடுத்துட்டுப் போய் கிட்டத்தட்ட மூணு வாரம் வெச்சிருந்தார். நேத்துதான் வந்துது. ஆனா உள்ள பூரா பென்சில்ல கிறுக்கி வெச்சிருக்கார். ஃபைன் போடலாம்னு பார்த்தா, எல்லாம் தமிழ்ல இருக்கு. என் சூப்பர்வைசர் அது முன்னாடியே இருந்த டிசைன்னு நினைச்சுட்டாங்க."

ஒரு மேசையில் இருந்து இருவரும் புரட்டினோம். கையெழுத்து சிவபாதம் அண்ணையுடையது. ஒரு சீவிய பென்சிலும் உள்ளே மறந்துபோய்க் கிடந்தது. ரதி மெல்ல மெல்ல ஆங்கிலத்தை வாசித்தாள். எனக்கு விளங்காத இடத்தில் அவள் விளக்கினாள். அவளுக்கு விளங்காத இடத்தில் இருவரும் அடுத்த பக்கத்துக்குப் போனோம். இனத்தைக் காட்டி வாக்கை மறுக்கக் கூடாது என்று 1870இல் அரசியலமைப்பில் எழுதியிருக்கிறார்கள். எழுதிய மை காய முன்னரே, இனத்தைக் காட்டாமல் மறுப்பது எப்படி என்று ஒரு கூட்டம் யோசிக்கத் தொடங்கியிருக்கிறது. புத்தகத்தின் பாதி அதுதான். மற்றப் பாதி, அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோன சனம் எப்படித் தெருவில் இறங்கியது, எத்தனை பேர் அடிபட்டார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்பது. முதற் பாதி முழுக்கத் தேத்தண்ணிக் கறை. மற்றப் பாதி வெள்ளையாக இருந்தது, ஒரு பக்கத்தைத் தவிர.

ரதி அந்தப் பக்கத்தில் பென்சிலை அடையாளமாக வைத்து மூடினாள். பிறகு புத்தகத்தைத் தன் பெயரில் எடுத்தாள்.

ஜூன் இருபத்தெட்டு, பட்டியலை அங்கீகரிக்கும் பொதுக்கூட்டம். வாக்குரிமை உள்ள நாற்பத்தொரு பேருக்கு முன்வரிசை. மற்றவர்களுக்குக் கழிப்பறைப் பக்கமாகப் 'பார்வையாளர்' என்று அட்டை ஒட்டிய கதிரைகள். மேடை மேசையில் தலைப்புக் கடிதம், முத்திரை, நாடா கட்டிய பட்டியல், நடுவில் கச்சான் போத்தல். புதிய உறுப்பினர் யாரும் வந்தால் தேவைப்படும் என்று வைத்திருந்தோம்.

சிவபாதம் அண்ணை எழும்பித் தொண்டையைச் செருமினார்.

"பேரன்புடையீர், வாக்குரிமை உள்ள உறுப்பினர் எல்லாரிட்டயும் முகாமில இருக்கிற உறவினர் பேர் கேட்டு மூண்டு முறை கடிதம் அனுப்பினம். எல்லாரும் பொறுப்போட பதில் தந்தவை. எங்கட உறவுகள் கனடா, லண்டன், அவுஸ்திரேலியா, கொழும்பு எண்டு நல்லா இருக்கினம். முகாமில ஒருத்தரும் இல்லை. ஆகவே பட்டியலில பெயர்கள்: பூச்சியம். நாவலந்தாழ்வு மக்கள் எல்லாரும் இந்த யுத்தத்தில பாதுகாப்பாத் தப்பியிட்டினம் எண்டதை நிவாரண அமைப்புக்கு மகிழ்ச்சியோட அறியத்தாறம். இதைச் சாத்தியமாக்கின புதிய விதிகளுக்கு நன்றி சொல்லவேணும்."

முன்வரிசையில் கை தட்டினார்கள். மூன்று பக்கக் கடிதமும், கோடு கீறிய வெறும் பட்டியலும் எல்லோர் பார்வைக்கும் உயர்த்திக் காட்டப்பட்டன. அச்சு நன்றாக இருந்தது என்று யாரோ சொன்னார்கள்.

ரதி எழும்பி மேடையை நோக்கி நடந்தாள்.

"பார்வையாளர் கதைக்கேலாது!" என்றார் சிவபாதம் அண்ணை.

"நான் கதைக்க வரேல்லை ஐயா. லைப்ரரிப் புத்தகத்துக்குள்ள உங்கட எழுத்துக் கிடக்கு. திருப்பித் தரவேணும்தானே." புத்தகத்தைத் திறந்தாள். "எழுத வாசிக்கத் தெரிஞ்சவைக்குத்தான் வாக்கு எண்டு இருக்கிற பக்கத்தில, 'அருமை, எங்களுக்கும் பொருந்தும்.' பாட்டன் சட்டம் இருக்கிற பக்கத்தில, 'ஜெயம் அண்ணைக்குக் காட்டவேணும்.' 1915இல அந்தப் பாட்டன் சட்டம் செல்லாது எண்டு நீதிமன்றம் தீர்த்த பக்கத்தில, 'கனடாவுக்கு இது பொருந்தாது.'"

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு முன்வரிசையிலும் ஒருவர்.

"கடைசியா ஒண்டு. 1965. உப்பிடி வாசிக்கச் சொல்லி, கேள்வி கேட்டு ஒருத்தரையும் திருப்பி அனுப்பக் கூடாது எண்டு சட்டம் வந்த பக்கம். அதில ஐயா எழுதியிருக்கிறார்: 'இதை எங்கட ஆக்கள் வாசிக்காமல் இருக்கவேணும்.'"

மண்டபம் அமைதியாயிற்று. யாரும் தீர்மானம் போடாமலே அது ஒன்றரை நிமிடத்தைத் தாண்டியது.

"நான் வாசிச்சிட்டன்" என்றாள் ரதி. புத்தகத்துக்குள் கிடந்த சிவபாதம் அண்ணையின் பென்சிலை எடுத்தாள். பட்டியலின் நாடாவை அவிழ்த்தாள். முதலாம் இலக்கத்தில் எழுதினாள்: யோகன். மனைவி. பிள்ளைகள் இருவர், வயது ஒன்பது, நான்கு.

"ஒழுங்கு! ஒழுங்கு!" என்று சிவபாதம் அண்ணை மேசையில் தட்டினார். போத்தல் குலுங்கியது. அதற்குள் ரதிக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. ஒரு கிழவர் தன் மூன்று மகன்களின் பெயரைச் சொல்லச் சொல்ல ரதி எழுதினாள். நான்காவதாக மகளின் பெயரைச் சொல்ல வாயெடுத்தவர், அவள் மே மாதமே போய்விட்டாள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

"ராகுலன், இதைக் குறிப்பில எழுதாதையும்" என்றார் சிவபாதம் அண்ணை.

இருபத்தொரு வருடத்தில் முதற் தடவையாக அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. ஒவ்வொரு பெயரையும் எழுதினேன். குடும்பத்துக்கு ஒன்றாக அறுபத்தாறு இலக்கம் வந்தது.

வரிசை முடிந்தது என்று நினைத்தபோது கடைசியாக ஒருவர் நின்றார். தலைவர் எப்போது மேடையை விட்டு இறங்கினார், எப்போது வரிசையில் சேர்ந்தார் என்று நான் காணவில்லை. பஸ் தரிப்பிடத்துச் சிரிப்பு முகத்தில் இல்லை.

"தலைவர் அவர்களே, நீங்கள் மேடையில இருக்கவேணும்" என்றார் சிவபாதம் அண்ணை. "அதோட, நீங்கள் எழுதப்போற பேருக்கு எங்கட நாலாவது விதிப்படி..."

"சிவபாதம், கொஞ்சம் இரும்."

ரதி நிமிர்ந்து பார்த்தாள். இருவருக்கும் நடுவில் கச்சான் போத்தல். அவள் அதைத் தூக்கி நீட்டி எத்தனை என்று கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. மண்டபத்தில் எல்லோருக்கும் அதே ஆசைதான் என்று நினைக்கிறேன். அவள் போத்தலை ஓரமாக நகர்த்திவிட்டுப் பென்சிலைத் தலைவரிடம் கொடுத்தாள்.

அவர் எழுதினார்: சந்திரவதனா. அடுத்த கட்டம், கணவர் பெயர். பென்சில் நின்றது. நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். இருபத்தாறு வருடம் அந்த மனிதரைத் திட்டியிருக்கிறார், பெயரைக் கேட்டதில்லை.

"பிள்ளை," என்றார் மெதுவாக, "அவற்ற பேர் என்ன?"

"நீக்கிலாஸ். நீக்கிலாஸ் மாஸ்டர். கோயிலுக்குள்ள விடேல்லை எண்டு அவையள் தாத்தா காலத்திலயே சேர்ச்சுக்குப் போனவை."

எழுதினார். "பிள்ளையள்?"

"ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள், ரோகிணி, நிலக்சி. மூத்தவன் பெடியன். அவனுக்குப் பாட்டன்ர பேர் வச்சவை."

"எந்தப் பாட்டன்?"

"உங்கட ஐயாவின்ர பேர்தான். சந்திராக்கா சொல்லிச் சொல்லி வச்சவ."

ஜெயரட்ணம் அண்ணை பென்சிலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோல, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். அருணாசலம். அந்தப் பெயர் எங்கள் உபயகாரர் பட்டியலில் முதலாவது. இந்தப் பட்டியலில் அறுபத்தேழாம் இலக்கத்துக்குக் கீழே, நாலாவது வரி.